இடது வலது இல்லாத தாள்கள்

அக்கா,

இன்று காலை குக்கர் ஆவியில், அடுப்புக்கு மேலே நீ ஒட்டிய சாம்பார் தாள் கழன்று விழுந்தது. உன் கையெழுத்தில் ஏழு வரிகள். லேமினேஷன் ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பார்க்காமலே சாம்பார் வைக்க எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் துடைத்து மறுபடி ஒட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் நீ கொண்டுவந்தவை படங்கள். ஒரகடம் கம்பெனியில் உன் அசெம்பிளி லைனில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் வேலையைப் படிப்படியாகக் காட்டும் தாள் தொங்குமாமே, அதே மாதிரி அம்புக்குறி போட்டு வரைந்தாய். பஸ் ஸ்டாப்புக்கு வழி, சிலிண்டர் மூடும் விதம், புடவை மடிப்பு. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பதினாறு வயதிலும் முள் கடிகாரத்தில் மணி பார்க்கத் தெரியாதவள் அம்புக்குறியையா படிப்பேன்? நான் நடிக்கிறேன் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தாய். "வாய் மட்டும் வண்டலூர் வரைக்கும் போவுது, பக்கத்துத் தெருவுக்குப் போவத் தெரியலையா? இன்னாடி நெனச்சிக்கினு கீற?" என்றாய். வாயில் என்னை யாரும் ஜெயித்ததில்லை என்பது உண்மைதான். பாடப் புத்தகத்தை வரி விடாமல் ஒப்பிப்பேன். கணக்கில் மட்டும் முட்டை.

பிறகுதான், நான் வளரவே இல்லை என்று சென்னைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டும், இவளுக்கு ஒன்றுதான் என்றார் அவர். அம்மா கேட்டது கல்யாணத்தைப் பற்றி மட்டும். நான் வழி தவறுவதையும் மணி பார்க்கத் தெரியாததையும் நீதான் சொன்னாய். அறிவில் குறை இல்லை, வார்த்தையால் சொன்னால் பிடித்துக்கொள்வாள், இந்தப் பெண்களில் பலருக்குத் திசையும் கணக்கும்தான் சிக்கல் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாய். நான் ஜன்னலில் வேடிக்கை பார்த்தேன், நீதான் அழுதாய்.

மறுநாளே படங்களைக் கிழித்துப் போட்டாய். "தப்பு எங்க வருதோ அந்த வேலையையே எடுத்துடணும். எங்க லைன்ல அப்படித்தான்" என்றாய். என் தப்பு இடது வலதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தைகளையே எடுத்துவிட்டாய். 'வல்லக்கோட்டைக் கோயிலுக்கு முதுகு காட்டி நட. மாவு மில் பக்கம் திரும்பு. வேப்பமரத்து வீடு நம்முடையது.' அப்படி எழுதிய தாளோடு தனியாக ரேஷன் வாங்கினேன். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்கும் சேர்ந்தேன். மூன்று வருஷம் நானும் ஒரு மனுஷியாக நடமாடினேன், அக்கா.

அன்று மதியம் ஷிப்ட் முடிந்து வந்த உனக்கு வீசிங் வந்தது. ஸ்ப்ரே தீர்ந்திருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள், பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடந்தன. நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாய். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். கொஞ்ச நேரத்தில் டிரைவர் போன் செய்தார். கோயிலைத் தாண்டிவிட்டாராம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டார். மாவு மில் பக்கம் என்றேன். அவர் வெளியூர்க்காரர், மில் எங்கே என்று தெரியவில்லை.

"லெப்ட்டா ரைட்டா, அத மட்டும் சொல்லும்மா."

உன்னைப் பார்த்தேன். பேச முடியாமல் கையைத் தூக்கிக் காட்டினாய். வாட்ச் கட்டிய கை, உன் இடது கை. எதிரில் நின்ற எனக்கு அது என் வலப்பக்கம் இருந்தது. "ரைட்டு" என்றேன். நீ தலையை ஆட்டினாய், இல்லை இல்லை என்று. மூச்சுத் திணறலில் ஆடுகிறது என்று நினைத்துவிட்டேன்.

வண்டி கம்பெனிச் சுவர் ஓரமாகப் போய், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் திரும்ப இடமில்லாமல் நின்று, பிறகு வந்தது. ஏற்றும்போதே உன் கை சில்லிட்டிருந்தது.

அம்மா என்னைக் கேன்டீன் வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். வாசலைத் தாண்ட விடுவதில்லை. "நீயாவது இருடி" என்கிறாள். லாரி நெரிசலில்தான் லேட்டாகிவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சோற்றுக்கு உட்கார்ந்தால் அந்த லாரிக்காரர்களைச் சபிக்காமல் ஒரு கவளம் இறங்குவதில்லை அவளுக்கு. நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். வண்டியை அந்தப் பக்கம் அனுப்பியது நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.