மேற்கு வாசல்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய கூட்டத்தில் மேலாளர் பதினோரு முறை "சூப்பர்" என்றார். எண்ணினேன்; வேறு வேலை இல்லை. பேட்டரியைப் பற்றிய அவருடைய ஞானம் டார்ச் லைட்டோடு முடிந்துவிடுகிறது. பகலில் சூரியத் தகடுகள் கொட்டும் மின்சாரத்தைப் பிடித்து வைத்துச் சாயங்காலம் ஊருக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு இருபத்து நான்கு பேட்டரி கன்டெய்னர்கள் — இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றும் கேட்கிறார்:

"இருபத்தஞ்சா வைக்க முடியாதா மேடம்?"

"முடியாது சார். இடம் இல்ல."

"சூப்பர்."

இனி இந்த நோட்டில் அவர் தலையாட்டி.

வரைபடம் முடிந்தது. தீயணைப்பு நிலையத்தின் ஒப்புதல்தான் பாக்கி. முப்பதாம் தேதிக்குள் வராவிட்டால் ஒதுக்கிய நிலம் கைவிட்டுப் போகும். இரண்டு வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

மார்ச் 5, வியாழன்

ஒப்புதல் தர வேண்டிய நிலைய அலுவலர் யார்? என் தங்கை புருஷன்! குழாய் மாப்பிள்ளை. கல்யாணத்தன்றே நான் வைத்த பெயர். பள்ளியில் கணக்கில் இரண்டு முறை ஃபெயிலானவர். என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். "ஃபைலையும் குடுத்துட்டுப் போங்கக்கா" என்றார். முந்நூறு பக்கத் திட்டக் கோப்பு. எதற்கு, தலைக்கு வைத்துப் படுக்கவா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

மார்ச் 9, திங்கள்

ஒப்புதல் இல்லை. கடிதத்தில் ஒரே வரி: "வாசல் ஒன்று போதாது." போன் செய்தேன்.

"ஏன் போதாது?"

"எடத்துக்கு வாங்கக்கா, காட்டறேன். பேப்பர்ல சொன்னா புரியாது."

எனக்குப் புரியாதாம். எனக்கு!

வரைபடத்தில் இருக்கும் வாசல் கிழக்கே, சாலையைப் பார்த்து. இன்னொன்று என்றால் மேற்கே ஒரு வரிசைத் தகடுகளைப் பிடுங்க வேண்டும். தங்கையைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரருக்கு எம்மேல என்னடி கோவம்?" என்றேன். "கோவமா? உன்னைப் பாத்தா பயம்க்கா அவருக்கு" என்றாள். பயம் இருக்கிற ஆள் போடுகிற கடிதமா இது?

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிடும்போது குழாய் மாப்பிள்ளைக்குச் சப்தம் வரும். அதையும் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் நான், மாப்பிள்ளை, தலையாட்டி மூவரும் காலி நிலத்தில் நின்றோம். மாப்பிள்ளை மறுபடி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தார். அப்போதுதான் உறைத்தது: நிலையம் வடக்கே இருக்கிறது, வண்டி தெற்கே பார்த்துத்தான் வரும். அவர் கண்ணுக்கு அதுதான் நேர்.

பன்னிரண்டாம் கன்டெய்னர் வரும் இடத்தில் சருகைக் குவித்து, ஈரச் சாக்கைப் போர்த்திக் கொளுத்தினார்.

"அக்கா, நீங்க கேட் வர்ற எடத்துல போய் நில்லுங்க."

வித்தை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புகை தரையோடு தரையாக நேரே என் முகத்துக்கு வந்தது. கண் எரிந்து, இருமி, கோப்பால் விசிறிக்கொண்டு நின்றேன். தலையாட்டி காருக்குள் ஓடிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இது வெறும் சாக்குக்கா. பேட்டரி எரிஞ்சா புகையே விஷம். எங்க பசங்க இது வழியாதான் உள்ள வரணும், உங்க ஆளுங்க இது வழியாதான் வெளிய ஓடணும். மேக்கால ஒரு கேட் இருந்தா காத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு வந்துடலாம்."

குரலை உயர்த்தவில்லை. ஜெயித்த முகமும் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

அதே நாள், மாலை

என்னிடம் இருந்த கோப்பின் நகலைத் திறந்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம்: "ஆண்டில் எட்டு மாதம் காற்று மேற்கிலிருந்து." நான் எழுதியது. பேட்டரிகளைக் குளிரவைக்கும் ஏசிகளுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்று அவற்றை மேற்கே பார்க்க வைத்தவளும் நான்தான். மெஷின் மூச்சு விட யோசித்திருக்கிறேன். மனுஷன்? சே... என்ன படிச்சு என்ன.

மார்ச் 19, வியாழன்

மேற்கு வாசல் வரைந்தாயிற்று. ஒரு வரிசைத் தகடும் இரண்டு கன்டெய்னரும் போச்சு. தலையாட்டி அழாத குறை.

மார்ச் 24, செவ்வாய்

இயக்குநர்கள் கூட்டம். "ரெண்டாவது கேட் நம்ம மேடத்தோட தொலைநோக்கு" என்றார் தலையாட்டி. கைதட்டினார்கள். வாயில் தண்ணீர் இருந்ததால் மறுக்கவில்லை என்று எழுதப் பார்க்கிறேன். பொய். வாய் காலியாகத்தான் இருந்தது.

மார்ச் 26, வியாழன்

ஒப்புதல் வந்துவிட்டது. தங்கை போன் செய்தாள்.

"வீட்ல எல்லார்கிட்டயும் உன் பெருமைதான்க்கா. காத்து எங்கேருந்து வருதுன்னு நாப்பத்தோராம் பக்கத்துல நீ எழுதியிருந்தியாமே? அதைப் படிச்சப்புறம்தான் அவருக்கே கேட் விஷயம் தோணிச்சாம். நாலு நாள் உக்காந்து மொத்தத்தையும் படிச்சார்."

முந்நூறு பக்கத்தையும் படித்த ஒரே ஆள். தலையாட்டி அட்டையைத் தாண்டியதில்லை. நானே எழுதிவிட்டு மறந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

வரைபடத்தின் மூலையில் திருத்தங்களைக் குறிக்கும் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "மேற்கு வாசல் — தீயணைப்பு நிலைய அலுவலர் கண்டு சொன்னது."

தலையாட்டி முகத்தைச் சுளித்தார். "இது தேவையா மேடம்? கூட்டத்துல நான் வேற மாதிரி சொல்லிட்டேனே."

"தேவை சார்."

"சூப்பர்."

ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் அவள் வீட்டுக்காரரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். சப்தம் வந்தால் வரட்டும்.