வரிசையின் வால்

7 ஜூலை, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் என் மேசைக்கு நல்ல வெளிச்சம் வருகிறது. சிகிச்சை என்று இரண்டு வருடம் வீட்டில் கிடந்தவளை, நாற்பத்தாறு வயதில், யார் எடுப்பார்கள்? வாணி எடுக்க வைத்தாள். பழைய கம்பெனியில் எனக்குக் கீழே வேலை செய்த பெண். இங்கே எனக்கு மேலே. முதலாளி ராதாகிருஷ்ணனிடம், "ஜானிஸ் அக்காவுக்கு நான் பொறுப்பு" என்றாளாம். ஆண்டவரே, நன்றி.

கிள்ளானில் ஒரு பேரங்காடி வரப்போகிறது. பக்கத்துச் சந்திப்பின் டிராபிக் லைட்டில் வண்டிகளுக்கு எவ்வளவு தாமதமாகும் என்று கணித்து நகராண்மைக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். கணிப்பு மாடல் வாணி போட்டது. அறிக்கை நான் எழுதுகிறேன். மாலை நெரிசலிலும் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம், கடை வந்தாலும் சாலை தாங்கும் என்கிறது மாடல்.

9 ஜூலை, புதன்

மழை. வாணி காரில் வீடு வரை கொண்டுவந்து விட்டாள். வழியில் அதே சந்திப்பு. பச்சை வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். வாணி ரேடியோ பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மாடல் இப்படிச் சொல்லவில்லையே?

10 ஜூலை, வியாழன்

மாடலுக்காக வண்டிகளை எண்ணிய கேமரா பதிவைப் பார்த்தேன். நிறுத்தக் கோட்டைத் தாண்டிய வண்டிகளை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். ஒரு பச்சையில் எத்தனை போக முடியுமோ அத்தனைதானே போகும்? பின்னால் நின்று தவித்தவை கணக்கிலேயே இல்லை. வரிசையின் வாலை கேமரா பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். முதலாளியிடம் சொன்னால் வாணியைக் காட்டிக்கொடுத்தது போல. சும்மா இருந்தால்? அந்தச் சாலையில் ஆம்புலன்ஸும்தான் போகிறது.

11 ஜூலை, வெள்ளி

மதியச் சாப்பாட்டில் வாணியிடமே சொன்னேன்.

"பாஸ் பாத்து ஓகே பண்ணிட்டாரு லா அக்கா. இப்ப போயி தப்புன்னா என் மூஞ்சி என்னா ஆவும்?"

"அதான் உன்கிட்ட மொதல்ல சொல்றேன்."

"உங்கள உள்ள கொண்டு வந்ததே நான்தானே."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நெசந்தான். அவதான் கொண்டு வந்தா. அதுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கணுமா? — திமோத்தி என்னவென்று கேட்டார். தலைவலி என்றேன். நல்ல கணவர், நம்பாமல், கேட்காமல், தேநீர் போட்டுத் தந்தார்.

13 ஜூலை, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. நாளை அவள் பேசாவிட்டால் நான் பேசுவேன்.

14 ஜூலை, திங்கள்

முதலாளியின் அறைக்குப் போனால் வாணி எனக்கு முன்பே உள்ளே இருக்கிறாள்.

"வண்டி எண்ணுனது தப்பு பாஸ். என் தப்பு. அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அனுப்புறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அது போதும். கிளையன்ட் கத்துவான், அத நான் பாத்துக்குறேன். ரெண்டு பேரும் போயி முழு வரிசையையும் எண்ணிட்டு வாங்க."

வெளியே வந்ததும் வாணி மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழம சாயங்காலமே அந்தச் சந்திப்புல போயி நின்னேன் அக்கா. வரிசை பெட்ரோல் ஸ்டேஷனையும் தாண்டிப் போச்சு."

17 ஜூலை, வியாழன்

வரிசையின் கடைசியில், ஒரே குடைக்குள், வந்து சேரும் வண்டிகளை எண்ணினோம். வரிசை நீள நீள நாங்களும் பின்னால் நகர்ந்தோம். லோரி ஓட்டுநர் ஒருவர் அபராதம் எழுதுகிறோம் என்று பயந்துபோய், "அக்கா, சம்மன் போடுறீங்களா?" என்றார். வாணி சிரித்த சிரிப்பில் எண்ணிக்கை தப்பப் பார்த்தது.

அறுவைச் சிகிச்சை செய்த பக்கம் கை வலித்தது. நான் சொல்லவில்லை. அவளே குடையை வாங்கிக்கொண்டாள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

நகராண்மைக் கழகக் கூட்டம். புதிய கணிப்பில் தாமதம் மூன்று மடங்கு. பேரங்காடியின் ஆள் முகம் சுளித்தார். அதிகாரி அம்மாள் நாங்கள் காட்டிய படத்தில் வரிசையின் வாலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் இன்னொரு தடம் போட்ட பிறகே கடை திறக்கலாம் என்று எழுதிக்கொண்டார்.

படியிறங்கும்போது வாணி, "அடுத்த வேல சுபாங் ஜெயாவுல. மாடல் நீங்க போடுங்க, நான் செக் பண்றேன்" என்றாள்.

"தப்பு இருந்தா?"

"சொல்வேன் லா அக்கா. கோவிச்சுக்கக் கூடாது."