மகளிடம் பரிசோதனை வேண்டாம்

மனவியல் ஆலோசகர் அவர்களுக்கு,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பின்மேல் மூடி வைத்திருக்கிறேன். மாடிச் சாவி கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

கோப்பை கழுவாதவர்களை வெட்கப்பட வைக்கவென்று தொட்டிக்கு மேலே ஒரு ஜோடிக் கண்களின் படத்தை ஒட்டினீர்களே, அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். யாரோ பார்க்கிறார்கள் என்றால் மனிதன் ஒழுங்காக இருப்பானாம், ஆராய்ச்சியாம்! ஒரு மாதமாக அந்தக் கண்கள் பார்க்கப் பார்க்க உங்கள் காப்பிக் கோப்பைதான் அங்கே காய்ந்து கிடந்தது. நான் முறைத்தே கழுவாதவர் காகிதத்துக்கா பயப்படப் போகிறீர்கள்?

அது போகட்டும். பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டேன் என்று நேற்று மகள் அழுதபோது, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "எந்த அழுகையும் ஒன்றரை நிமிஷத்துல அடங்கிடும்மா, நிரூபிச்சிருக்காங்க" என்றீர்கள். அடங்கவில்லை. உடனே, "நீ சரியா மூச்சு விடல" என்று பழியை அவள்மேலேயே போட்டீர்கள். கம்பெனி கம்பெனியாகப் போய் அடுத்தவர் மனசைப் பற்றி வகுப்பெடுக்கிற மகாமேதை! கதவைச் சாத்தியவள் எனக்கும் இன்னும் திறக்கவில்லை.

பசித்தால் வருவாள். தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தத்துவம் எதுவும் வேண்டாம்.

பி.கு: செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, அப்பா என்மேல கோபமா இருக்காரா?" என்று கேட்டாள். அதற்கு நீங்களே போய்ப் பதில் சொல்லுங்கள், அப்பாவாக.