சத்தம் நின்ற காலை

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. கோபமில்லை. மழையையும் வெயிலையும் எழுதி நிரப்பினால் யார்தான் பதில் போடுவார்கள்?

இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. ஆற்றின் நீர்மட்டம் அளந்தே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. அளவுகோலைப் பார்க்காமல் காதாலேயே மட்டம் சொல்கிறேன் என்று, கூட வேலை பார்த்த மாப்பிள்ளை கேலி செய்வாரே, அது மெய்தான். பாறை இடுக்கில் களகளவென்றால் முழங்கால் அளவு. அடியில் கூழாங்கல் உருண்டு கடகடத்தால் ஆள் இறங்கக் கூடாது.

அவரை ஆறு கொண்டுபோன அன்று காலையில் எந்தச் சத்தமும் இல்லை.

"என்ன மச்சான், ஆறு வாயே திறக்கல?" என்றார்.

"தண்ணி வத்திருச்சு. இப்பவே இறங்கி அந்த அளவுக் கம்பத்தச் சரி பண்ணிடுங்க" என்றேன்.

முந்தின நாள் அத்தனை மழை. ஆறு சும்மா இருக்கக் கூடாது என்று என் காதுக்குத் தெரிந்தது. நான்தான் சட்டை செய்யவில்லை. மேலே மலை சரிந்து தண்ணீரைத் தடுத்திருந்தது. அது உடைத்துக்கொண்டு வந்தபோது அவர் நடு ஆற்றில்.

விசாரணையில், நான் தடுத்தும் கேட்காமல் இறங்கினார் என்று சொன்னேன். பொய், தங்கச்சி.

உன் அண்ணன்

ஜூன் 15

அண்ணா,

கடிதம் கிடைத்தது. அன்று நான், அப்போது நாங்கள் இருந்த ஆற்றங்கரை வீட்டு ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதும் அவர் சிரித்ததும் என் காதில் விழுந்தது. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. நீயாகச் சொல்வாய் என்று ஏழு வருஷம் காத்திருந்தேன்.

உன் கணக்குத் தப்பியதற்கு வருத்தமில்லை. ஆற்றை யார் முழுசாகக் கண்டார்கள்? அந்தப் பொய்தான் தாங்கவில்லை. பாப்பாவுக்குப் பதினாலு வயசு. நேற்று சாப்பிடும்போது, "மாமா பேச்சக் கேட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரு, இல்லம்மா?" என்றாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவளை அழைத்து வருகிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அழாமல் சொல். நீ அழுதால் அவள் உன்னைத் தேற்ற வந்துவிடுவாள். அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அவள் கோபப்பட வேண்டும் அண்ணா, அது அவளுக்குச் சேர வேண்டியது.

இரவு உன் வீட்டில் தங்குவதா, மாலை பஸ்ஸில் திரும்புவதா என்பதை அவளே சொல்லட்டும். நான் மாற்றுத்துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கை