வேடியப்பனுக்கு விட்ட கொல்லை

நெல்லிவலசை,
புதூர்நாடு வழி,
வட ஆற்காடு மாவட்டம்.
11-2-1986, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

மாதம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் என்று எழுத வேண்டும் என உறைவிடப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பிள்ளையும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். மனசு நன்றாக இல்லை. அதை மறைத்து எழுத எனக்கு வராது. ஜெயிலுக்கு வருகிற காகிதத்தை அங்கே ஒரு ஐயா பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார் என்று கோபால்சாமி அண்ணன் சொன்னார். படிக்கட்டும். படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை ஐயா, ஒரு வரியையும் அடிக்காமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாமா, நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பீர்கள் என்று பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். வழக்கம்போலப் பாதியில் கோபம் வந்து மடித்து வைத்துவிடாதீர்கள். முழுக்கப் படித்த பிறகு கோபப்படுங்கள். அதற்கு வேண்டிய விஷயம் நிறையவே இருக்கிறது.

செவலைப் பசு போன வெள்ளிக்கிழமை கன்று போட்டது. காளைக் கன்று. பிள்ளை அதற்கு உங்கள் பெயரை வைத்து, வடிவேலு வடிவேலு என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே திரிகிறது. அடிக்கக் கை ஓங்கினேன், பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கூரையில் வடக்குப் பக்கம் புல் மாற்ற வேண்டும். பனி இன்னும் குறையவில்லை. அங்கே போர்த்திக்கொள்ள என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. உங்கள் கம்பளியைக் கொடுத்தனுப்பினால் வாங்குவார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

கல்லைப் பிடுங்கினதற்காக உங்கள் ஆறு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. கொலை செய்தவனைக்கூட இப்படி ஊரே பார்க்கக் கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். நம் கொல்லையில் பாரஸ்டுக்காரர்கள் நட்ட எல்லைக் கல், நம் கொல்லையில் தைலமரம் வைக்க அவர்கள் தோண்டின குழி. கல்லைப் பிடுங்கி ஓரமாக அடுக்கி வைத்தீர்கள், ஒரு கல்லைக்கூட உடைக்கவில்லை. அதற்கு இந்த மரியாதை.

நாலு பேர் எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். அது உங்களுக்குத் தெரிந்ததே. அவர்கள் வந்த பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதைக் கேளுங்கள். இந்த நிலம் சர்க்கார் காடு, நாங்கள் ஆக்கிரமித்தோம், இனிமேல் கால் வைக்க மாட்டோம் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. அது சும்மா பேருக்கு, வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்களாம். அந்த நாலு பேரில் கோபால்சாமி அண்ணன் வந்த மூன்றாம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கொல்லைக்குப் புளி உலுக்கப் போனார். காய் பழுத்து ஓடு தட்டி நிற்கிறது. பாரஸ்ட் கார்டு வழியை மறித்து நின்றுகொண்டான். அவன் கேட்டானாம், "எழுதிக் குடுத்துட்டு இப்ப இன்னாத்துக்கு வர்ற? மறுபடியும் உள்ள போவணுமா?" என்று. அண்ணனுடைய அப்பா கையால் நட்ட மரம் அது. வெறும் கூடையோடு திரும்பி வந்தவர் அன்றிலிருந்து யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்த நாலு பேர் மேல் எனக்கு முதலில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது அவ்வளவு இல்லை. அவர்களை ஏமாற்றினவர்கள் மேல்தான் வருகிறது.

இனி புதூர்நாட்டு ராஜாக்கண்ணு விஷயம். பதினாறு வருஷமாகப் பஞ்சாயத்துத் தேர்தலே கிடையாது, இப்போது வந்துவிட்டது, இன்னும் பன்னிரண்டு நாளில் ஓட்டு. தலைவர் பதவிக்கு அவர் நிற்கிறார். நேற்று ரேஞ்சரோடு ஒரே ஜீப்பில் நம் வூட்டுக்கு வந்தார். ஓட்டுக் கேட்கிறவரும் நம்மைப் பிடித்துப் போனவரும் ஒரே வண்டியில் வந்ததைப் பார்த்தபோதே எனக்கு வயிறு எரிந்தது. மிச்சம் இருக்கிற நீங்களும் அருணகிரியும் கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்துவிடுமாம். தான் ஜெயித்ததும் முதல் வேலையாக நமக்குப் பட்டா வாங்கித் தருவாராம். நம் ஊர் எப்போதும் கூட்டம் கூடிப் பேசி ஒரே பக்கம் ஓட்டுப் போடுகிற ஊர். அதைக் கணக்குப் பண்ணித்தான் இந்தக் கரிசனம்.

காடு என்று ஒத்துக்கொண்டு எழுதிக்கொடுத்த நிலத்துக்கு எப்படிப் பட்டா வாங்குவீர்கள் என்று கேட்டேன். இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம் என்றார். நான் வாயை மூடவில்லை. எண்பதாம் வருஷம் டெல்லியில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், காட்டை வேறு எதற்கும் விட வேண்டுமென்றால் டெல்லி ஒத்துக்கொள்ள வேண்டும், மெட்ராஸ் சர்க்கார் தானாகச் செய்ய முடியாது என்று திருப்பத்தூர் வக்கீல் ஐயா எனக்குச் சொல்லியிருந்தார். மெட்ராஸால் முடியாததை நீங்கள் புதூர்நாட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். ரேஞ்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். ராஜாக்கண்ணுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்புறம்தான் பையிலிருந்து வேறு ஒரு காகிதத்தை எடுத்தார்.

மாமா, அந்தக் காகிதத்தைப் பற்றி ராஜாக்கண்ணு வாயால் நீங்கள் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை அவர் அங்கே வந்து அதை உங்களிடம் காட்டுவார். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன்.

சர்வேயர் நம்மைக் கேட்காமலே எழுதிவிட்டுப் போய்விட்டான் என்று நீங்கள் ஊர்க் கூட்டத்தில் சொன்னீர்கள், மாஜிஸ்திரேட்டிடமும் சொன்னீர்கள். சர்வேயர் கேட்டார். என்னைக் கேட்டார். எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம், நீங்களும் மற்றவர்களும் சந்தைக்குப் போயிருந்த நாள். மேட்டுக்கொல்லையில் நின்றுகொண்டு இது யாருடையது என்று கேட்டார். அப்போது நாம் கொல்லையை ஆறப் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் விதைத்தால் மூன்று வருஷம் வேடியப்பனுக்கு விட வேண்டும், விட்ட நாளில் முறத்தில் சாமையை வைத்துப் படைத்து உன்னுடையது அப்பா என்று சொல்ல வேண்டும், திரும்ப ஏர் பூட்டுகிற வரைக்கும் அதில் பங்குள்ள பன்னிரண்டு குடும்பத்தில் ஒருவர் வாயிலும் என்னுடையது என்ற சொல் வரக்கூடாது. இதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் "வேடியப்பனுதுங்க" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

"யாரு அந்த ஆளு? இட்டுனு வா, கையெழுத்து போடட்டும்" என்றார். சாமி என்று சொன்னேன். கூட வந்த ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஏதோ எழுதினார், பிறகு உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். எட்டாவது வரைக்கும் படித்திருக்கிறேன் என்றேன். மலையில் கையெழுத்துப் போடுகிற பெண்ணா என்று மெச்சினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படித்துப் பார்த்துத்தான் போட்டேன் மாமா. தரிசு, அனுபவதாரர் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த வருஷம் நாம் யாரும் அதை அனுபவிக்கவில்லை, உள்ளதைத்தானே எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி இனிஷியல் வைத்து, புள்ளி வைத்து, அழகாகப் போட்டேன். நேற்று ராஜாக்கண்ணு பையிலிருந்து எடுத்தது அந்தக் காகிதம்தான். அன்று சாயங்காலம் களி கிண்டும்போதுகூட அதையே நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் கல் நட வந்தார்களே, அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. உங்களிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நீங்கள் ஊருக்கு முன்னால் மார்தட்டிப் பேசப் பேச, இன்னும் எழவில்லை. சொல்லாமல் விட்டது என் தப்பு. அதற்கு நீங்கள் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சர்வேயரிடம் நான் சொன்ன வார்த்தை தப்பு என்று மட்டும் நீங்களும் சொல்லாதீர்கள். நம் வழக்கப்படி பொய் சொல்லாமல் பதில் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு தன் வசதிக்கு எழுதிக்கொண்டார். கொல்லையைச் சுற்றி உங்கள் அப்பா கட்டின கல் கட்டு நிற்கிறது, களம் இருக்கிறது, புளியமரம் வரிசையாக நிற்கிறது. காட்டில் எந்தக் குரங்கு வரிசை பிடித்துப் புளியமரம் வைத்தது? கண் இருக்கிறவன் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

நேற்று ராஜாக்கண்ணு சொன்னது இதுதான். "நீ ஒரு வார்த்த எழுதிப் போடு, வெள்ளிக்கிழம வூட்டுக்கு வந்துடுவாரு. இல்லன்னா இதைக் காட்டறேன், அப்புறம் அவரே போட்டுடுவாரு." பெண்டாட்டி காட்டிக்கொடுத்தாள் என்று தெரிந்தால் உங்களுக்கு மானம் போய்விடும், அந்த வேகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள் என்று நம்மை எடை போட்டு வைத்திருக்கிறார்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை மாமா. சட்டம் காட்டைக் காக்கத்தான் என்று வக்கீல் ஐயா சொன்னார். காக்கட்டும், யார் வேண்டாம் என்றது? சந்தன மரத்தை வெட்டி லாரியில் இறக்கினார்களே, அவர்களிடமிருந்து காக்கட்டும். மூன்று வருஷம் மண்ணை ஆற விடுகிற நம்மிடமிருந்து எதைக் காக்கிறார்கள்? ஆற விட்ட மண்ணில்தான் தைலமரத்துக்குக் குழி தோண்டுகிறார்கள், அது நிலத்தடித் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும் என்கிறார்கள். போன மாதம் காவலூரில் வானத்தைப் பார்க்கிற பெரிய கண்ணாடியைத் திறந்து வைக்க டெல்லியிலிருந்து வந்தார்களே, அன்று நாம் மனு எடுத்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறதா? பாதி வழியில் வாங்கிக்கொண்டு, சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். இன்றுவரை ஒரு தகவலும் கிடையாது. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரத்தைப் பார்க்க ரோடு, கரண்டு எல்லாம் மலை ஏறி வந்துவிட்டது. நம் மனு மட்டும் மலை இறங்கினதா என்று தெரியவில்லை.

நேற்று அவர்கள் கிளம்பும்போது நான் ஒரு காரியம் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னாலேயே மேட்டுக்கொல்லைக்குப் போனேன். ரேஞ்சர் குழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "இது எங்க கொல்லைங்க. என் மாமனாரு கல்லு கட்டுன கொல்லை. என்னுது."

ஆமாம், ஆறப் போட்ட வருஷத்திலேயே சொல்லிவிட்டேன். ஏர் பூட்டச் சித்திரை வரைக்கும் பொறுக்கவில்லை. மாணிக்கம்மாள் அக்கா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வாயில் அடித்துக்கொண்டார். இன்று காலையில் சுனைக்குப் போனபோது ஒருத்தியும் என் பக்கத்தில் நிற்கவில்லை. மழை பொய்த்தால் என்னால்தான் என்று இப்போதே பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். சாமிக்கு என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் காட்டட்டும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் சாமிக்கே அந்த இடத்தில் ஒரு முறம் சாமை வைக்க ஆள் இருக்க மாட்டார்கள். இதை விளங்கிக்கொள்ளாத சாமியா அது?

வக்கீல் ஐயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்குனியில் கலெக்டர் ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி விசாரிக்க வருகிறார். ஆறு பேரும் எழுதிக்கொடுத்துவிட்டால் விசாரிக்க ஒன்றும் இல்லை என்று ஃபைலைக் கட்டி வைத்துவிடுவார்கள், பன்னிரண்டு குடும்பத்துக்கும் அதோடு முடிந்தது. ஒருவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்தாலும் இடத்தைப் பார்த்தே ஆக வேண்டுமாம். நான் அவர் முன்னால் போய் நின்று என் கையெழுத்து எப்படி வந்தது என்று சொல்வேன். கையெழுத்து என்னுடையதுதான் என்றும் சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் போட்டுவிட்டால் நான் சொல்வதைக் கேட்க அங்கே ஆள் இருக்காது. அருணகிரி சின்னப் பையன், நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதைத்தான் செய்வான்.

லத்தீப் பாய் ஊரில் புளி வாங்க வந்திருக்கிறார். நாளைக் காலையில் வாணியம்பாடிக்கு இறங்குகிறார். அவருடைய மச்சான் தோல் வியாபாரமாக வியாழக்கிழமை வேலூர் போகிறாராம், ஜெயில் வாசலில் கொடுக்கச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். படிக்கிற ஐயா, உங்களுக்கும் வூட்டில் பெண்டு பிள்ளை இருக்கும். தயவு செய்து தாமதிக்காமல் கொடுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். உங்களுக்கும் அருணகிரிக்கும் ஒரு தீங்கும் வராமல் வேடியப்பன் கூட நிற்கட்டும். என் மேல் உள்ள கோபத்தை என்னிடமே வந்து காட்டுங்கள், அவர்கள் நீட்டுகிற காகிதத்தில் காட்டாதீர்கள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்துவிட்டால் பிள்ளை குதிக்கும். ஊரில் யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், நாலு பேர் செய்ததுதானே. நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றாலும் கதவைத் திறந்துவிடுவேன், சோறு போடுவேன், எனக்கே தெரிகிறது. அதனால்தான் முன்கூட்டியே உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் மாமா. போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
வ. மாதம்மாள்