ஏரி நடுவில் நின்ற என்ஜின்

ஏப்ரல் 6
கொழுந்தன் இன்று படகை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்து ஏரிக்கரையில் விட்டான். குளிர் மாதங்கள் முழுக்க அவன் கொட்டகையில்தான் கிடந்தது. “எல்லாம் பாத்துட்டேன் அண்ணி, தைரியமா இறக்குங்க.” அவன் போன பிறகு சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. பேட்டரி ஒயர் கையோடு கழன்று வந்தது. எல்லாம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லையா?

ஏப்ரல் 7
ஒயரை முடுக்கியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. பின்விளக்கு எரியவில்லை. பியூஸ் பெட்டித் திருகில் புதுக் கீறல் — யாரோ திறந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

என் வீட்டுக்காரர் இறந்துபோன கையோடு, “படகை வித்துடலாம் அண்ணி, நானே ஆள் பாக்குறேன்” என்றவன் இவன். அன்றைக்கு அக்கறை என்று நினைத்தேன்.

ஏப்ரல் 9
படகுக்குள் அடித்தட்டில் தண்ணீர். வடிகால் துளையை மூடும் அடைப்பானின் ரப்பர் பிளந்திருக்கிறது. பிளந்ததா, வெட்டியதா? வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை. புதிது மாட்டினேன்.

ஏப்ரல் 12
சீசனின் முதல் சவாரி. மீன் பிடிக்க வந்த ஒரு தம்பதி, கூட என் மகள். ஏரி நடுவில் என்ஜின் நின்றுவிட்டது. காற்று எங்களைப் பாறைப் பக்கம் தள்ளியது. துடுப்பால் பாறையை உந்தி உந்தித் தள்ளினேன். மகள் அழவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பிறகு ஸ்டார்ட் ஆனது, நின்றது, மறுபடி ஆனது. எப்படியோ கரை சேர்ந்தோம்.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். “படகுல என்னடா பண்ணி வச்சிருக்க? எங்களை முக்கிட்டு வித்துக்கலாம்னு பாக்குறியா?”

“அண்ணி, நான் வந்து...”

“இனிமே என் படகுப் பக்கம் வராத!” வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13
ஏன் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நிற்கிறது? வேண்டுமென்றே கெடுப்பவன் அப்படியா கெடுப்பான்?

ஏப்ரல் 14
படகைக் கரையில் கட்டிவைத்தே ஓடவிட்டேன். நின்றது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. இப்போது சாவியைத் திருப்பினால் உடனே ஓடுகிறது! டேங்குக்குக் காற்றுப் போகும் குழாயின் வாயைக் கம்பியால் குத்தினேன். மண் உதிர்ந்தது. குளவிக்கூடு. காற்று போகாததால் பெட்ரோல் வரவில்லை.

சரி. பியூஸ் பெட்டியைத் திறந்தது குளவி இல்லையே?

ஏப்ரல் 15
மெக்கானிக்கை அழைத்துக் காட்டினேன். “மேடு பள்ளத்துல இழுத்துட்டு வந்தா ஒயர் கழலும், பல்பு போகும். ரப்பர் காஞ்சா பிளக்கும்.” பியூஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே துரு சுரண்டி, கிரீஸ் தடவி, புது பியூஸ் போட்டிருந்தது. “யாரும்மா பண்ணது? அக்கறையா பண்ணிருக்காங்க.”

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். அவன் மனைவி எடுத்தாள். “அவர் வெளிய போயிருக்காருக்கா.” பின்னால் அவன் இருமுவது கேட்டது.

ஏப்ரல் 19
படகைக் கரைக்குத் திருப்பும்போது பார்த்தேன். மேலே சாலையோரம் கொழுந்தன் நின்றிருந்தான். கீழே வரவில்லை. மகள்தான் ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“என்ன கோளாறு அண்ணி?”

“குளவி. காத்துக் குழாய்ல.”

“நான் அதைப் பாத்திருக்கணும்.”

“ஏறுப்பா” என்று மட்டும் சொன்னேன். ஏறினான். பேட்டரிப் பக்கம் நீண்ட கையைப் பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தான்.

தலையாட்டினேன்.