ஆடியில் நிற்காத நிலைவாசல்

காமாட்சி அம்மன் துணை

பிள்ளையார்பாளையம்,
ஆவணி, வெள்ளிக்கிழமை

அனுவின் அப்பாவுக்குப் புவனேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அனுவும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எதிர்வீட்டு ஜெபகுமார் தம்பி மஸ்கட் திரும்புவதால் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள்.

இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வருவதா என்று மாதக் கடைசிக்குள் கம்பெனியில் சொல்ல வேண்டும், உன் பொம்மை வீட்டு வேலை தேறுமா என்று கேட்டீர்கள். உள்ளதை எழுதுகிறேன்.

முதலில் என் கூத்து. வாலாஜாபாத் தணிகாசலம் ஐயாவின் மகள் சிம்ரன், அப்பா கட்டிய புதுவீட்டை அப்படியே சின்னதாகச் செய்துதரச் சொன்னாள். புதுமனை புகுவிழாவில் அவருக்குக் கொடுக்க வேண்டுமாம். சுவர், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒட்டிவிட்டேன். நிலைவாசல் மட்டும் வைக்க மனம் வரவில்லை. ஆடி மாதத்தில் யாராவது நிலை வைப்பார்களா? ஆவணி பிறந்து, அவர்கள் விழா நாளன்றுதான் நல்ல நேரம் வந்தது. மஞ்சள் குங்குமம் இட்டு வைத்து, பசை காய்ந்ததும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அங்கே பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சிம்ரனுக்கு வந்ததே கோபம். "அக்கா, இது அட்டை வூடுக்கா! அட்டைக்கு இன்னாக்கா ஆடி, ஆவணி? அப்ப இதுக்கு வாஸ்து பூஜையும் போட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். போட்டேன் என்று நான் சொல்லவில்லை.

தணிகாசலம் ஐயா வீட்டைக் கையில் வாங்கி அந்தச் சின்ன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொத்தனார் அவசரப்படுத்தினான்னு எங்க நிலைய மார்கழில வச்சுட்டேன்மா. அன்னிலேந்து உறுத்திக்கினே இருக்குது. இதுவாச்சும் நல்ல நாள்ல நின்னுதே" என்று சொல்லிப் பூஜை அறையில் வைத்துவிட்டார். பணத்திலும் குறைக்கவில்லை. அவர் சம்பந்தி ஒருவர் தன் வீட்டுக்கும் கேட்டிருக்கிறார். கிளம்பும்போது ஐயா, "கதவு யாரும்மா இழைச்சது?" என்றார். கடையில் மெஷினில் வெட்டியது என்றேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு மஸ்கட்டில் தச்சு வேலை என்றேன். "அப்புறம் ஏம்மா கடையில வெட்டிக்கினு இருக்கே?" என்று சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

இனி கணக்கு. பலகை, பசை, பெயிண்ட் போக மிஞ்சுவதில் பாதி அந்த வெட்டுக்கூலிக்கே போகிறது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து சேலைக்குக் குஞ்சம் முடிந்திருந்தால் அதிகமாகவே கிடைத்திருக்கும். தேறுமா என்றால், நான் ஒருத்தியாகச் செய்தால் தேறாது. வீட்டிலேயே வெட்டினால் தேறும். உங்களை இழுப்பதற்காக இதை எழுதவில்லை. கணக்கில் இருக்கிறது, அதனால் எழுதினேன். உங்கள் சம்பளத்துக்கு இது ஈடாகாது என்பதும் கணக்கில் இருக்கிறது.

அனு நன்றாகப் படிக்கிறாள். நான் செய்யும் வீடுகளைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது அவள்தான். "அப்பா வந்தா நானே பேர் வைப்பேன் நம்ம கம்பெனிக்கு" என்கிறாள்.

இன்னொன்று. திருப்புட்குழி மனைக்கு நீங்கள் வரைந்து வைத்த படத்தைப் பார்த்து நம் வீட்டையும் சின்னதாகச் செய்துவிட்டேன். நீங்கள் கேட்ட பட்டறை அறையும் பின்பக்கம் இருக்கிறது. நிலை மட்டும் வைக்கவில்லை. அதைத் தம்பதியாக நின்றுதான் வைக்க வேண்டும். ஐப்பசியில் நல்ல நாள் இருப்பதாகப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன்.

நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் அம்மன் உங்களுக்குத் துணை நிற்பாள். முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
புவனேஸ்வரி